எது முன், எது பின்? கடிகாரத்தை நம்பாமல் திருத்தங்களை வரிசைப்படுத்தும் வழிகள்

நூலகர் அம்மா மூன்றாவது முறையாக அதே பதிவைத் திறந்து காட்டினார். "நான் திருத்தினேனே தம்பி, மறுபடியும் 1940 என்றே நிற்கிறதே" என்றார். அது 1904-இல் அச்சான புத்தகம். பதிவு செய்த மாணவர் எண்களை இடம் மாற்றித் தட்டிவிட்டார். அம்மா கண்டுபிடித்துச் சரிசெய்வார். மாலையில் எல்லாக் கணினிகளின் பதிவுகளையும் ஒன்றுசேர்த்தவுடன் பழைய பிழையே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த நூலகத்தில் இணைய இணைப்பு கிடையாது. நான்கு மடிக்கணினிகளில் நான்கு பேர் பட்டியல் தயாரித்தார்கள். மாலைதோறும் பென்டிரைவ் வழியாக ஒன்றின் பதிவுகளை மற்றவற்றில் சேர்ப்போம். மென்பொருளை எழுதியவன் நான். ஒரே நூலுக்கு இரண்டு பதிவுகள் வந்தால், எதன் நேரமுத்திரை பிந்தியதோ அதை வைத்துக்கொள் என்று ஒற்றை வரியில் விதி எழுதியிருந்தேன்.

மாணவரின் கணினியைப் பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. உள்ளே இருக்கும் நாணய அளவு பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. யாரோ ஒருநாள் தேதியைக் கையால் அமைத்தபோது மாதத்தில் ஒன்று கூடிவிட்டது. ஜூன் 3 அன்று அவர் சேர்த்த பதிவில் ஜூலை 3 என்று முத்திரை விழுந்திருந்தது. அம்மாவின் கணினியில் தேதி சரியாக இருந்தது. ஆகவே ஜூன் 4-இல் திருத்தினாலும், ஜூன் 5-இல் திருத்தினாலும், மென்பொருளின் கணக்கில் அந்தத் திருத்தம் பிழைக்கு முந்தியதாகவே ஆனது. ஒரு பதிவைக் கண்ணால் பார்த்து, அதில் உள்ள தவறை அறிந்து, அதன் மேலேயே செய்த திருத்தம் அந்தப் பதிவுக்கு முந்தியதாக எப்படி இருக்க முடியும்? கடிகாரத்திற்கு அந்தக் கேள்வியே புரியாது. அதற்குத் தெரிந்தது எண் மட்டும்.

அதன்பிறகு இந்த விதிக்குப் பதிலாக எதை வைப்பது என்று சில வாரங்கள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நிரலில் யார் எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றைக் காக்க, நிரல் எழுதுகிறவர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் கிட் (Git) என்ற கருவி இதே சிக்கலை 2005 முதல் தீர்த்துவருகிறது. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நிரலைத் தனித்தனியே திருத்துகிறார்கள். யாருடைய கணினிக் கடிகாரமும் சரியாக இருக்கவேண்டும் என்று கிட் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் கிட் செய்வதே எல்லா இடத்துக்கும் ஏற்றது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட முடியாது. அதனால் கையில் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டேன். பல கருவிகளில், பல கைகளில், இணைப்பு இல்லாமல் திருத்தப்படும் எதையாவது எழுதுகிறவர்களுக்கு இது உதவும்.

கடிகாரத்தையே சரிசெய்துவிட்டால் என்ன?

முதலில் தோன்றுவது இதுதான். செய்யவும் முடியும், செலவழித்தால். கூகுள் தன் ஸ்பேனர் தரவுத்தளத்துக்காகத் தரவு மையங்களில் ஜிபிஎஸ் வாங்கிகளையும் அணுக் கடிகாரங்களையும் வைத்திருக்கிறது. 2012-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் எனக்குப் பிடித்த பகுதி, அங்கேகூடக் கடிகாரம் ஒற்றை நேரத்தைச் சொல்வதில்லை என்பது. இதற்கு முன்னால் இல்லை, இதற்குப் பின்னால் இல்லை என்று ஓர் இடைவெளியைத்தான் அது தருகிறது. அந்த இடைவெளி சில மில்லி விநாடிகள். தரவுத்தளத்தில் எழுதப்படும் ஒவ்வொரு மாற்றமும் அந்த ஐயம் தீரும்வரை காத்திருந்துதான் உறுதிசெய்யப்படுகிறது. இவ்வளவு பணம் போட்டவர்களே கடிகாரத்தை இவ்வளவு எச்சரிக்கையோடுதான் நம்புகிறார்கள்.

நம் கையில் இருப்பது பேட்டரி தீர்ந்த மடிக்கணினி. இணையம் இருந்தால் நேரச் சர்வரோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளும். இல்லாத இடத்தில் போன போக்குத்தான். ஒருவேளை நான்கு கடிகாரங்களும் விநாடி பிசகாமல் ஓடினாலும் வேறொரு குறை அப்படியே இருக்கும். காலை 10 மணிக்கு நீங்கள் ஒரு பதிவைத் திருத்துகிறீர்கள். 10.05-க்கு, உங்கள் திருத்தத்தைப் பார்க்காமலேயே, நான் அதே பதிவை வேறுவிதமாகத் திருத்துகிறேன். கடிகாரம் என்னுடையதைப் பிந்தியது என்கிறது, அது உண்மைதான். ஆனால் பிந்தியது என்பதற்காக உங்களுடையதை அழிக்க எனக்கு என்ன உரிமை? நான் அதைப் படித்து மறுக்கவில்லையே, பார்க்கவே இல்லை. சரியான கடிகாரமும் இந்த இடத்தில் தவறான பதிலைத்தான் தரும். இதை உணர்ந்த பிறகு, கடிகாரத்தைச் செப்பனிடும் எண்ணத்தை அடியோடு விட்டுவிட்டேன்.

ஒரே இடத்தில் வரிசை எண்

கிட்டுக்கு முன்பு பலரும் பயன்படுத்திய சப்வெர்ஷனில் ஒரு மையச் சர்வர் உண்டு. எந்த மாற்றமும் அங்கே போய்ச் சேரவேண்டும். சேர்ந்த வரிசையில் 1, 2, 3 என்று எண் கிடைக்கும். முன், பின் என்ற கேள்விக்கே இடமில்லை. அதற்கும் முந்தைய சிவிஎஸ்ஸில் இதுகூட இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி எண். எந்தெந்தக் கோப்புகள் ஒரே மாற்றத்தில் சேர்ந்து மாறின என்பதைப் பிற்காலத்தில் தனிக் கருவிகள் எழுதி, ஒரே ஆள், ஒரே குறிப்பு, சில நிமிட இடைவெளி என்று ஊகித்துத் தொகுக்க வேண்டியிருந்தது.

ரேஷன் கடை டோக்கன் போன்ற எளிய முறை இது. எளிமையே இதன் பலம். எப்போதும் இணைப்பு இருக்கும் இடத்தில் இதைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. விற்பனை ரசீது எண் போன்றவற்றில் இடைவெளி இல்லாத ஒற்றை வரிசை கட்டாயம் வேண்டும். அதை இங்கே சொல்லப்போகிற வேறெந்த வழியாலும் தர முடியாது. கிட்டாலும் முடியாது. ஆனால் சர்வரைத் தொட முடியாத நேரத்தில் டோக்கன் கிடைக்காது, வேலை நின்றுவிடும். எங்களுக்கு மாலையில் மட்டும்தான் நான்கு கணினிகளும் சந்திக்கும். ஆகவே இதுவும் போயிற்று.

லாம்போர்ட்டின் எண்ணி

கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் எழுதிய ஒரு கட்டுரைதான் இந்தத் துறைக்கே அடித்தளம். தனித்தனிக் கணினிகளில் நடப்பவற்றை ஒரு நிகழ்வு மற்றொன்றைப் பாதித்திருக்க முடியுமா என்று கேட்டு வரிசைப்படுத்தலாம் என்று அவர் காட்டினார். ஒளியைவிட வேகமாகச் செய்தி போகாது என்பதால் முன்பின் என்பதற்கு எல்லை உண்டு என்று சார்பியல் கொள்கை சொல்கிறது. அந்தச் சிந்தனையிலிருந்தே தனக்கு இது பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

செயல்முறை மிக எளிது. ஒவ்வொரு கணினியும் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும். எதைச் செய்தாலும் அதை ஒன்று கூட்டும். வெளியிலிருந்து ஒரு பதிவு வந்தால், வந்த எண், தன் எண் இரண்டில் பெரியதை எடுத்துக்கொண்டு அதற்கு மேல் எண்ணத் தொடங்கும். மாணவரின் பதிவு 7 என்ற எண்ணோடு வந்தால், அதைப் பெற்ற அம்மாவின் கணினி குறைந்தது 8-லிருந்துதான் தொடரும். அம்மாவின் திருத்தம் எந்த நாளிலும் 7-க்குக் கீழே போகாது. என் முதல் பிழை இவ்வளவிலேயே தீர்ந்துவிட்டது. ஒரு முழு எண், நாலைந்து வரி நிரல், அவ்வளவுதான்.

இதிலேயே நின்றுவிடலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். ஆனால் இந்த எண் ஒருவழிப் பாதை. எது எதைப் பார்த்து எழுதப்பட்டதோ அதன் எண் பெரியதாக இருக்கும். எண் பெரியதாக இருப்பதால் பார்த்து எழுதப்பட்டது என்று திருப்பிச் சொல்ல முடியாது. ஒருவர் காலை முழுக்க வேகமாகப் பதிவுசெய்து 212-க்குப் போயிருப்பார். இன்னொருவர் நிதானமாக 90-இல் இருப்பார். இருவரும் ஒரே நூலை ஒருவருக்கொருவர் தெரியாமல் திருத்தியிருந்தால் 212 வெல்லும். வேகமாகத் தட்டுபவர் வெல்லும் விதி இது.

எதையும் அழிக்காமல் வரிசையாகக் காட்டினால் மட்டும் போதும் என்ற இடத்தில் லாம்போர்ட்டின் எண்ணி மிக நன்றாகப் பொருந்தும். அரட்டைச் செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்விக்கு முன்னால் பதில் தெரியக் கூடாது. தொடர்பில்லாத இரண்டு செய்திகளில் எது மேலே வந்தாலும் யாருக்கும் இழப்பில்லை. கிட்டுக்குள்ளேயே பிழைப் புகார்களைச் சேமிக்கும் கிட்-பக் என்ற கருவி இந்த எண்ணியைத்தான் பயன்படுத்துகிறது.

ஆளுக்கு ஓர் எண்

ஒற்றை எண்ணில் தொலைந்த தகவலை மீட்க, கணினிக்கு ஓர் எண் என்று ஒரு வரிசையையே வைத்துக்கொள்வது அடுத்த வழி. 1983-இல் லோகஸ் என்ற பரவல் இயங்குதளத்தைச் சேர்ந்தவர்கள் கோப்புகளுக்கு இதைச் செய்தார்கள். 1988-இல் ஃபிட்ஜ், மாட்டர்ன் இருவரும் தனித்தனியே இதைப் பொதுவான கோட்பாடாக வகுத்தார்கள். திசையன் கடிகாரம் என்று பெயர்.

ஒரு பதிவின் மேல் முதல் கணினி 3, இரண்டாம் கணினி 5, மூன்றாம் கணினி 1 என்று இருந்தால், முதல் கணினியின் மூன்று திருத்தங்களையும் இரண்டாவதின் ஐந்தையும் மூன்றாவதின் ஒன்றையும் அறிந்து எழுதப்பட்டது என்று பொருள். இன்னொரு பதிவின் எண்கள் எல்லாம் இதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் அது இதற்குப் பிந்தியது. ஒன்றில் இது பெரிது, இன்னொன்றில் அது பெரிது என்றால், இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் பிறந்தவை. இந்த மூன்றாவது பதில் கிடைப்பதுதான் முக்கியம். முன் என்று சொல்லலாம், பின் என்று சொல்லலாம், இரண்டும் இல்லை என்றும் சொல்லத் தெரியவேண்டும்.

கோட்பாட்டில் குறையில்லை. நடைமுறையில் கருவிகளின் பெயர்ப்பட்டியல்தான் தொல்லை. புதுக் கணினி வந்தால் வரிசை நீளும். போன கணினியின் எண்ணை எப்போது நீக்குவது என்று யாருக்கும் துணிவு வராது. அமேசான் 2007-இல் விவரித்த டைனமோ என்ற தரவுச் சேமிப்பு அமைப்பில், வரிசை அளவுக்குமேல் நீண்டால் மிகப் பழைய எண்ணை வெட்டிவிடுகிறார்கள். எது மிகப் பழையது என்று அறிய ஒவ்வொரு எண்ணோடும் ஒரு நேரமுத்திரை வைத்திருக்கிறார்கள். வாசல் வழியே அனுப்பிவைத்த கடிகாரம் கொல்லைப்புறமாக வந்து நிற்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கவலையாகவே இருந்தது.

எங்களைத் தடுத்தது வேறொன்று. நான்கில் ஒரு மடிக்கணினி பழுதாகி, ஒரு வாரத்துக்கு முந்தைய காப்புப்பிரதியிலிருந்து மீட்கப்பட்டது. மீண்டு வந்த கணினி 40 வரை எண்ணியதை மறந்து 31-லிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். அப்போது ஒரே கணினி, ஒரே 32 என்ற எண், ஆனால் இரண்டு வெவ்வேறு திருத்தங்கள். இந்த முறை அதை உணரவே உணராது. ஏற்கெனவே பார்த்ததுதான் என்று புதியதைத் தள்ளிவிடும். மீட்கப்படும் கணினிக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பெயர் சூட்டினால் தப்பலாம். அதை யாராவது ஒருநாள் மறப்பார்கள்.

கிட்டின் வழி: தாயின் முகவரியைச் சுமக்கும் பிள்ளை

தமிழ் இலக்கிய வரலாற்றைப் படித்தவர்களுக்கு கிட்டின் முறை பழகிய ஒன்றாகவே தோன்றும். திருக்குறள் எந்த நூற்றாண்டு என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. மணிமேகலையின் காலமும் அப்படியே. ஆனால் மணிமேகலையில் சாத்தனார் 55-ஆம் குறளின் அடிகளை அப்படியே எடுத்தாண்டு, அதைச் சொன்னவரைப் பொய்யில் புலவன் என்று போற்றுகிறார். இரண்டு நூல்களின் தேதியும் தெரியாது. ஆனாலும் எது முன் என்பது தெரியும். இல்லாத ஒன்றை மேற்கோள் காட்ட முடியாது. ஒன்றையொன்று மேற்கோள் காட்டாத இரண்டு நூல்களைப் பற்றி இந்தச் சான்று பேசாமல் நின்றுவிடும். அந்த மௌனமும் நேர்மையானது.

கிட்டில் சேமிக்கப்படும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கமிட் என்று பெயர். ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்தைய கமிட்டை இப்படித்தான் மேற்கோள் காட்டுகிறது. கிட்டின் நிரலுக்கே உரிய முதல் கமிட்டை இன்றும் எவரும் திறந்து பார்க்கலாம். கிட்டை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல் 7-இல் செய்தது. உள்ளே சில வரிகள்தான். கோப்புகளின் அன்றைய நிலையைக் குறிக்கும் ஒரு ஹாஷ். எழுதியவர் பெயர், மின்னஞ்சல், பக்கத்தில் 1112911993 -0700 என்ற எண்கள். களஞ்சியத்தில் சேர்த்தவர் என்று மறுபடி அதே விவரம். பிறகு ஒரு குறிப்பு. அந்தப் பத்து இலக்கம் 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகள். அவருடைய நேரப்படி பிற்பகல் 3 மணி 13 நிமிடம் 13 விநாடி, நம் ஊர் நேரப்படி மறுநாள் அதிகாலை 3.43. முதல் கமிட் என்பதால் அதில் இல்லாத ஒரு வரி அடுத்த கமிட்டில் இருக்கும். அது தாய் கமிட்டின் ஹாஷ். வரிசை முழுவதும் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது.

ஹாஷ் என்பது உள்ளடக்கம் முழுவதையும் பிழிந்து எடுத்த 40 இலக்கக் கைரேகை. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் ரேகை முற்றிலும் மாறிவிடும். முன்கூட்டி ஊகிக்கவும் முடியாது. தாயின் உள்ளடக்கம் முடிவாகாமல் தாயின் ஹாஷ் பிறக்காது. அந்த ஹாஷ் கையில் இல்லாமல் பிள்ளையை எழுத முடியாது. ஆகவே பிள்ளை தாய்க்குப் பிந்தியது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. நேரமுத்திரையில் தாய் 2030 என்றும் பிள்ளை 1999 என்றும் இருந்தாலும் கிட் அசைந்துகொடுக்காது. அந்தத் தேதியும் ஹாஷுக்குள் சேர்ந்துதான் பிழியப்படுகிறது. ஆனால் முன்பின் சொல்லும் அதிகாரம் அதற்குத் தரப்படவில்லை.

அந்தாதியில் ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும். ஓலைகள் கலைந்துபோனாலும் அந்தச் சொற்களை வைத்துக் கோத்துவிடலாம். கிட் முந்தைய பாட்டு முழுவதன் ரேகையையும் அடுத்த பாட்டில் வைக்கிறது. அந்தப் பாட்டுக்குள் அதற்கு முந்தியதன் ரேகை இருக்கிறது. நடுவில் ஒரு சொல்லை யாரும் ஓசையின்றி மாற்றிவிட முடியாது. ஹாஷ்களை இப்படி மரமாகக் கட்டும் எண்ணம் 1970-களின் இறுதியில் ரால்ஃப் மெர்க்கிளிடமிருந்து வந்தது.

இரண்டு பேர் ஒரே கமிட்டைத் தாயாக வைத்துத் தனித்தனியே எழுதினால் இரண்டு கிளைகள் முளைக்கும். எது பெரியவன் என்று கிட் தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டையும் அறிந்த ஒருவர் இரண்டு தாய்களைச் சுட்டி ஒரு கமிட் எழுதும்போது அவை ஒன்றுசேர்கின்றன. தாய்களின் எண்ணிக்கைக்கு வரம்பும் இல்லை; லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான நிரலின் வரலாற்றில் 66 தாய்களைக் கொண்ட ஒரு கமிட் இருக்கிறது. ஒன்றுசேர்க்கும்போது இரண்டு கிளைகளுக்கும் பொதுவான மிக அருகிலுள்ள மூதாதையைத் தேடி, அங்கிருந்து யார் எதை மாற்றினார்கள் என்று பார்க்கிறது. ஒருவர் மட்டும் மாற்றிய இடத்தில் அந்த மாற்றம் தானாக ஏறும். இருவரும் ஒரே இடத்தை மாற்றியிருந்தால் மனிதரைக் கூப்பிடும்.

சர்வருக்கு அனுப்பும்போதும் இதே விதிதான். அங்கே இருக்கும் கடைசிக் கமிட் உங்கள் கமிட்டுக்கு மூதாதையாக இருந்தால் ஏற்கும். இல்லையென்றால், நீங்கள் பார்க்காத ஒன்று இங்கே இருக்கிறது, முதலில் அதை எடுத்துப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பும். முதன்முதலில் இந்த மறுப்பைச் சந்திக்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். நூலகர் அம்மாவின் திருத்தத்தை மூன்று நாள் விழுங்கிய நிரலை எழுதிய எனக்கு, இந்த மறுப்பைப் போல மரியாதையான ஒன்று மென்பொருளில் இல்லை என்று தோன்றுகிறது.

கிட் பிறந்த அதே 2005 ஏப்ரலில் பிறந்த மெர்க்யூரியல் என்ற கருவியும் இதே அடித்தளம் கொண்டதுதான். அது வசதிக்காக 0, 1, 2 என்று எண்ணும் தரும். ஆனால் அந்த எண் அந்தந்தக் கணினிக்குள் மட்டும் செல்லும். உங்கள் 57 என்னிடம் 61 ஆக இருக்கலாம். தொலைபேசியில் எண்ணைச் சொல்லி ஏமாந்தவர்கள் உண்டு. பிறரிடம் பேசும்போது ஹாஷைத்தான் சொல்லவேண்டும்.

கிட்டும் தேதியைப் பார்க்கும் இடம்

இதை மறைத்துவிட்டுக் கிட்டைப் பாராட்டினால் அது முழு உண்மையாகாது. இந்தக் கமிட் அந்தக் கமிட்டின் மூதாதையா என்ற கேள்விக்கு விடை காண, தாய் வழியே ஒவ்வொன்றாக ஏறிப் போகவேண்டும். லட்சக்கணக்கான கமிட்டுகள் கொண்ட களஞ்சியத்தில் அது நெடும்பயணம். எங்கே நிறுத்துவது என்று அறிய, கிட் ஆரம்பம் முதலே கமிட் தேதியைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தியது. தேடுவதைவிடப் பழைய தேதிக்கு வந்துவிட்டோம், இனி மேலே போகவேண்டாம் என்று ஓர் ஊகம். தவறான கடிகாரங்கள் இருக்கும் என்று தெரிந்ததால், பழைய தேதியைக் கண்டபிறகும் இன்னும் சில கமிட்டுகள் தாண்டிப் பார்த்துவிட்டு நிற்கும்படி எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் போதும், எப்போதும் போதாது.

2018-இல் வந்த 2.19 பதிப்பில் இதற்கு மாற்றாகத் தலைமுறை எண் வந்தது. தாய் இல்லாத கமிட்டுக்கு 1. மற்றவற்றுக்குத் தாய்களில் பெரிய எண்ணைவிட ஒன்று கூட. என் தலைமுறை எண் உங்களுடையதைவிடப் பெரிதென்றால் நான் உங்கள் மூதாதையாக இருக்கவே முடியாது. இது லாம்போர்ட்டின் எண்ணியேதான், வேறு வேடத்தில். சரியான விடை நிச்சயம். ஆனால் சில கேள்விகளுக்குப் பழைய தேதி முறையைவிட மெதுவாக இருந்தது. லினக்ஸின் 4.8, 4.9 பதிப்புகளின் பொது மூதாதையைத் தேடினால், பல மடங்கு அதிகக் கமிட்டுகளைத் தொட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. காரணம், பழைய கமிட்டிலிருந்து பிரிந்த குட்டையான கிளை ஒன்று நேற்று எழுதப்பட்டிருந்தாலும் அதன் தலைமுறை எண் சிறியதாகவே இருக்கும். அதைத் தேடி வெகுதூரம் நடக்கவேண்டும்.

2021-இன் 2.31 பதிப்பில் கிடைத்த தீர்வை நான் பலமுறை படித்து வியந்திருக்கிறேன். கமிட்டின் தேதியை எடுத்துக்கொள். அது தாய்களின் எண்ணைவிடப் பெரிதாக இல்லையென்றால், தாய்களில் பெரிய எண்ணோடு ஒன்று கூட்டி அதையே இதன் எண்ணாக வை. திருத்தப்பட்ட தேதி என்று பெயர். கடிகாரம் சரியாக இருக்கும்வரை தேதியின் வேகம் கிடைக்கிறது. கடிகாரம் பிசகும்போது தாய்-பிள்ளை உறவு அதைத் திருத்திவிடுகிறது. தேதி ஆலோசனை சொல்லலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற முறையை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியுமா என்று தெரியவில்லை.

ஆனால் திரையில் பார்க்கும் பட்டியலை நம்பி ஏமாறாதீர்கள். கிட் லாக் கட்டளை, வேறு சொல்லாவிட்டால், தேதி வாரியாகத்தான் கமிட்டுகளை அடுக்குகிறது. தொடர்பில்லாத இரண்டு கிளைகளின் கமிட்டுகள் மாறிமாறி வரும். மேலே இருப்பது கீழே இருப்பதை அறிந்து எழுதப்பட்டது என்று கண் எண்ணிக்கொள்ளும். கிளை வாரியாக அடுக்கவும், கோடு போட்டு உறவைக் காட்டவும் தனி விருப்பங்கள் இருக்கின்றன. ஒரு தேதிக்குப் பிந்தியவற்றை மட்டும் காட்டு என்றால், பழைய தேதியுள்ள கமிட்டைக் கண்ட இடத்தில் அந்த வழியில் நின்றுவிடும். அதற்கு அப்பால் புதிய தேதியில் இருப்பவை கண்ணில் படாது. நிற்காமல் எல்லாவற்றையும் சலித்துப் பார்க்கும் விருப்பம் 2022-இல்தான் சேர்ந்தது.

இன்னும் இரண்டு குறைகள். வரலாற்றைத் திருத்தி எழுதும் ரீபேஸ் செய்தால் புதுத் தாய், புது ஹாஷ். உண்மையில் எதைப் பார்த்து எழுதினோமோ அது மறைந்து, எதைப் பார்த்து எழுதியதாகச் சொல்ல விரும்புகிறோமோ அது நிற்கும். அடுத்தது ஹாஷின் உறுதி. கிட் பயன்படுத்தும் ஷா-1 முறையில் ஒரே ரேகை கொண்ட இரண்டு கோப்புகளை 2017-இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் ஆய்வு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து உருவாக்கிக் காட்டின. அதே ஆண்டு கிட் அத்தகைய தாக்குதலைக் கண்டறியும் வடிவத்துக்கு மாறியது. புதிதாக எழுதுகிறவர்கள் ஷா-256-இல் தொடங்குவதே நல்லது.

கிட் போன்றே மாற்றங்களைக் காக்கும் டார்க்ஸ், பிஹுல் என்ற இரண்டு அமைப்புகள் வேறொரு கோணத்தில் யோசிக்கின்றன. இரண்டு மாற்றங்களை எந்த வரிசையில் போட்டாலும் ஒரே விளைவு என்றால் வரிசையே எதற்கு என்று கேட்கின்றன. அழகான கேள்வி. ஆனால் அதை உள்ளே சரியாக எழுதுவது கடினம். என்னைப் போல் ஓரிரு ஆள் எழுதும் மென்பொருளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நாங்கள் எடுத்த முடிவு

ஒவ்வொரு பதிவின் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஷா-256 ஹாஷ். ஒவ்வொரு வடிவமும் தன் தாயின் ஹாஷைச் சுமக்கும். காப்புப்பிரதியிலிருந்து மீண்ட கணினி இதைக் குழப்பவில்லை. அது எழுதும் புதிய வடிவத்தின் ரேகை புதியதாகவே இருக்கும், பெயரோ எண்ணோ மோத வழியில்லை. பழைய வடிவங்களை எல்லாம் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது இதன் விலை. நூற்பட்டியல் பதிவு சில வரிகள்தான் என்பதால் எங்களுக்கு அது பொருட்டல்ல. படங்களையோ ஒலிப்பதிவுகளையோ சேமிக்கிறவர்கள் இந்த விலையை முதலில் கணக்குப் பார்க்கவேண்டும். திரையில் எந்த ஒழுங்கில் காட்டுவது என்பதற்கு மட்டும் லாம்போர்ட்டின் எண்ணியை வைத்தேன். கூட்டாகத் திருத்தும் மென்பொருள்களுக்கான ஆட்டோமெர்ஜ் என்ற நிரல் தொகுப்பிலும் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. தேதியைப் பதிவின் மூலையில் சிறிய எழுத்தில் காட்டுகிறோம், மனிதர்கள் பார்ப்பதற்கு.

1940 மறுபடி வரவில்லை. அடுத்த மாதம் வேறொன்று வந்தது. ஒரு புத்தகத்துக்கு ஒரு கணினியில் 1911 என்றும் இன்னொன்றில் 1912 என்றும் இருவர் அச்சு ஆண்டைத் திருத்தியிருந்தார்கள். இருவரும் ஒரே வடிவத்தின் மேல், ஒருவரையொருவர் அறியாமல். பழைய விதியாக இருந்தால் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் போயிருக்கும். இப்போது திரையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

நூலகர் அம்மா எழுந்து அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தார். தலைப்புப் பக்கத்தில் ஆங்கில ஆண்டே இல்லை. விரோதகிருது வருஷம் தை மாதம் என்று மட்டும் அச்சிட்டிருந்தது. ஒருவர் வருஷத்தின் பெயரைப் பார்த்து, அது 1911 சித்திரையில் தொடங்கியதால் 1911 என்று எழுதியிருக்கிறார். மற்றவர் மாதத்தையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். "தை என்றால் பொங்கல் வந்துவிட்டதே தம்பி, ஜனவரி தாண்டியாயிற்று" என்று சொல்லிவிட்டு, அம்மா 1912-ஐத் தேர்ந்தெடுத்தார். இரண்டு தாய்களைச் சுட்டும் ஒரு புதிய வடிவம் பட்டியலில் சேர்ந்தது.